இலையில் மிச்சமிருந்த பொங்கல்

அன்றைக்கு இலையில் மிச்சமிருந்த பொங்கலைத் தின்றது பசுவா, குதிரையா?

வருகிற பொங்கலோடு இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள், என் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அவளிடம் கேட்க எனக்குப் பயம்.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது கும்பகோணத்தை ஒட்டி. கணக்குப் படித்து, பி.எட். முடித்து, மகள் வயிற்றில் வரும்வரை ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தினேன். கல்யாணத்துக்கு முன் நான் பக்கத்தில் நின்று பார்த்த குதிரை தாராசுரம் கோயிலில் மண்டபத்தை இழுக்கிற கல் குதிரைதான். ஆகவே தரகர் வந்து, "மாப்பிள்ளைக்கு உரக்கடை இருக்கு, ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு, ஒரு குதிரை இருக்கு" என்றபோது அம்மா குழம்பிப்போனாள்.

"குதிரை எதுக்குங்க?"

"பந்தயத்துக்கும்மா."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சீட்டாட்டம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சாலையில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம், ஓட்டுகிறவர் ஒருவர். தூரத்தில் நட்டிருக்கிற எல்லைக் கொடியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். ஜெயித்த வண்டிக்கு ஒரு கொடி தருவார்கள். அதை வண்டியில் கட்டிக்கொண்டு ஊருக்குள் வரும்போது டீக்கடையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். என் கணவருக்கு அது போதும். வண்டியை அவரே ஓட்டுவார். குதிரை சிவந்த நிறம், பெண் குதிரை. செவலை என்று கூப்பிடுவோம்.

எனக்கு அதில் வேலை வந்தது தற்செயலாகத்தான். மகள் பிறந்து ஆறு மாதம் இருக்கும். காலையில் ஆற்றங்கரைச் சாலையில் செவலையை ஓட்டிப் பழக்கும்போது நேரம் பார்க்க ஆள் வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் நேரம் பார்த்து நான் சொன்னேன். மறுநாள் எழுதியும் வைத்தேன். எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குப் பதற்றம் குறையும். குழந்தை எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை முறை தும்மியது என்று எண்ணிக்கொண்டிருந்தவள், குதிரையின் மூச்சையும் எண்ண ஆரம்பித்தேன். ஓடி வந்து நின்றதும் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை எண்ணுவேன். அது பழைய அளவுக்கு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். என் மாமியார், "புள்ளைய விட்டுட்டு குதிரைக்கு ஜாதகம் எழுதுறா" என்பார்கள்.

இரண்டு மாதம் எழுதிய பிறகு ஒன்று தெரிந்தது.

"என்னங்க, தொடர்ந்து வெரட்டுனா மூணாவது நாள் மூச்சு அடங்க ரொம்ப நேரம் எடுக்குதுங்க."

"அன்னிக்கு வெயில் ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"எல்லா வாரமும் மூணாவது நாள் மட்டும் வெயில் ஜாஸ்தியாவா அடிக்கும்?"

அவர் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சிரித்தார். "டீச்சரம்மா, குதிரைக்கே லீவு லெட்டர் எழுதிட்டீங்களே."

அதற்குப் பிறகு தினமும் விரட்டுவதை நிறுத்தினார். ஒரு நாள் வேகம், இரண்டு நாள் நடை. வெண்ணாற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் நடத்துவார். தண்ணீர் திறந்துவிட்டால் கரையில். சம்பா நடவுக்கு முன்னால் உழுது போட்ட சேற்றில் காலையில் அரை மணி நேரம், சும்மா நடை மட்டும். அந்த வருஷம் செவலை தொடை இறுகி, வேறு குதிரை மாதிரி ஆனது. மூன்று பந்தயத்தில் முதல் கொடி வாங்கியது.

பந்தயத்துக்கு நானும் போக ஆரம்பித்தேன். புறப்படும் முன்பு வரிசையாக நிற்கும் குதிரைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, எது முதலில் வரும், எது இரண்டாவது என்று அவரிடம் சொல்வேன். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நிற்கும்போதே வேர்த்து வழிகிற குதிரை பயத்திலேயே பாதி ஓடி முடித்துவிடும். ஈர மண்ணில் பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் விழுந்தால் அது தூரம் தாங்கும். கூட்டத்தைப் பார்க்காமல் ஓட்டுகிறவரின் குரலுக்கு மட்டும் காதைத் திருப்பினால் எல்லைக் கொடியில் தடுமாறாது. இவ்வளவுதான். பாதிக்கு மேல் சரியாக இருந்தது. விஷயம் பரவிவிட்டது. வெள்ளைக் குதிரை வைத்திருந்த அண்ணன் ஒருவர் என்னைக் கண்டாலே கும்பிடுவார்.

"தங்கச்சி, நம்ம வெள்ளைய ஒரு பார்வ பாருங்க. ஜெயிக்கும்னு சொல்ல வேணாம். தோக்கும்னு மட்டும் வாயத் தெறந்து சொல்லிடாதீங்க."

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியில் என் கணவர், "நம்மளுது?" என்று கேட்பார். நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டுக் குதிரையைப் பார்க்கும் கண்ணில் ஆசை கலந்துவிடும், அந்தக் கணக்குச் சரியாக வராது என்பேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறுவார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அப்படித்தான்.

மகளுக்கு மூன்று வயதான வருஷம் மார்கழியில் அவளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, ஒரு நிமிஷம்கூட இருக்காது. டாக்டர், "பல குழந்தைகளுக்கு வர்றதுதாம்மா, பயப்படாதீங்க" என்றார். நான் பயந்தேன். அதிலிருந்து அவள் அழ ஆரம்பித்தாலே எனக்குக் கை கால் ஓடாது. அழுதழுது மூச்சை அடக்கினால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவேன். அவளும் அதைத் தெரிந்துகொண்டாள்.

காணும் பொங்கலன்று நாகூர்ப் பக்கம் ஓர் ஊரில் பந்தயம். பெரிய பந்தயம், பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வரும். அதற்கு முந்தின நாள் மாட்டுப் பொங்கல். பசுவையும் கன்றையும் குளிப்பாட்டி, நெட்டி மாலை போட்டு, தட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்" சொல்லி, வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைப்போம். செவலைக்கும் மாலை உண்டு, குங்குமம் உண்டு. பொங்கல் கிடையாது. அதில் என் கணவர் கறார். மாட்டு வயிறு வேறு, குதிரை வயிறு வேறு, புது அரிசியும் வெல்லமும் அதற்கு ஆகாது என்பார். வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற நேரத்துக்கு அவரே அதைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. சாலை எப்படி இருக்கிறது என்று பார்த்து, பெயர் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தார். போகும்போது, "நெய் வாசன பட்டா கயித்த இழுக்கும். முன்னாடியே கொல்லையில கொண்டுபோய்க் கட்டிடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் கட்டினேன்.

மகள்தான் கேட்டாள். "குதிரைக்கு ஏன் இல்ல?"

"அது நாளைக்கு ஓடணும்ல தங்கம். அதுக்கு கொள்ளு வச்சாச்சு."

"மாட்டுக்கு மட்டும் வச்சீங்க."

மாமியார் பசுவின் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டே, "கொழந்த கேக்குறதும் சரிதானே. வாயில்லாத சீவன், வாசனய மோந்துகிட்டு நிக்கிது. அது ஏங்கிப் பாத்தா புள்ள இருக்குற வீட்டுக்கு ஆகுமா? ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிடும்?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு வாய் என்றுதான் சொன்னார்கள்.

மகள் தரையில் விழுந்து அழ ஆரம்பித்தாள். முகம் சிவந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. நான் போய்ச் செவலையை அவிழ்த்து வாசல் பக்கம் கொண்டுவந்து பசுவுக்குப் பக்கத்தில் கட்டினேன். ஒரு கை நான் கொடுத்தேன். ஒரு கை மகள் கொடுத்தாள். உள்ளங்கையில் செவலையின் உதடு பட்டதும் கூசி அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வலிப்பு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அப்படிச் சிரித்தது. அதனால் இன்னொரு கை கொடுக்க விட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் அழைத்தார். வெளியே தட்டுச் சத்தம். கேட்கவில்லை என்று உள்ளே போனேன்.

"ரோடு நல்லா இருக்கு. எல்லைக் கொடிகிட்ட மட்டும் கொஞ்சம் ஜல்லி. செவலை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"கொல்லையிலதானே கட்டியிருக்க?"

"ஆமாங்க."

திரும்பி வந்தபோது மாமியார் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பசுவுக்கு வைத்த பெரிய இலை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. இந்தப் பக்கம் பசு, அந்தப் பக்கம் செவலை. நடுவில் முழங்கை வரைக்கும் பொங்கலை அப்பிக்கொண்டு மகள். "எல்லாம் காலி!" என்று கையை விரித்துக் காட்டினாள்.

எது தின்றது என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈரத் துணியை எடுத்துச் செவலையின் வாயைத் துடைத்தேன். அதைக் கொல்லையில் கொண்டுபோய்க் கட்டினேன். நான் செய்தது தவறில்லை என்று எனக்கே தோன்றியிருந்தால் எதற்காக வாயைத் துடைத்தேன்?

மறுநாள் காலையில் மினி லாரியில் ஏற்றும்போது அவர், "லத்தி போட்டுச்சா?" என்று கேட்டார். கொட்டிலில் கொஞ்சம் சாணம் கிடந்தது. அது எப்போது போட்டது என்று எனக்குத் தெரியாது. "போட்டுருக்குங்க" என்றேன். நோட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன்.

பந்தய இடத்தில் புறப்பட நேரமாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இவரும் ஒரு வாளி காட்டினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு வரிசையைச் சுற்றி வந்தேன். வெள்ளைக் குதிரை அண்ணன் கும்பிட்டார். வெள்ளை அன்றைக்கு மிக நன்றாக இருந்தது.

"வெள்ளைதாங்க மொதல்ல வரும். அந்த ஓரத்துல நிக்கிற கறுப்பு ரெண்டாவது."

"சரி. நம்மளுது?"

நான் செவலையைப் பார்த்தேன். அது கழுத்தை வளைத்துத் தன் வயிற்றைப் பார்த்தது. ஈ உட்கார்ந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்த்தது. முன்னங்காலால் தரையை ஒரு முறை கீறியது. வேறு யாருடைய குதிரை அப்படிச் செய்திருந்தாலும் உடனே சொல்லியிருப்பேன், இதற்கு வயிற்றில் வலி, இன்றைக்கு ஓடாது, அவிழ்த்துவிடுங்கள் என்று. ஆனால் சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். நேற்றுக் கொல்லையில்தான் கட்டியிருந்தேன் என்று சொன்னவள் நான்.

"நம்மளத நான் சொல்றதில்லன்னு தெரியும்ல" என்றேன்.

அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

எல்லைக் கொடி வரைக்கும் செவலைதான் முன்னால் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மகள் இடுப்பில் குதித்தாள். பிறகு வெள்ளை என்றார்கள். வெள்ளை வந்தது, கறுப்பு வந்தது, மற்றவை வந்தன. எங்கள் வண்டி வரவில்லை. கடைசியில் தூரத்தில் தெரிந்தது. அவர் வண்டியில் இல்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். செவலை நான்கடிக்கு ஒரு முறை நின்றது. சாலை ஓரத்தில் அறுவடை முடிந்த வயல் ஒன்று இருந்தது. வண்டியை அவிழ்த்ததும் அதில் இறங்கிப் படுத்துப் புரண்டது. "எந்திரி, எந்திரி கண்ணு" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கால்நடை டாக்டர் வந்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார். நடுவில் நிமிர்ந்து கேட்டார்.

"நேத்து தீனியில ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்ல டாக்டர். அதே கொள்ளு, அதே புல்லு."

"வேற ஏதாவது? பொங்கல் சமயம், சோறு கீறு?"

"எங்க வீட்ல அது கெடையவே கெடையாதுங்க. இன்னிக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி காட்டுனேன். ரொம்ப நேரம் வெயில்ல நின்னுச்சு."

"தண்ணியாவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். யோசித்துச் சொன்ன மாதிரிகூட இல்லை. ஆனால் என் கணவர் அந்த வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். சுற்றி ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். 'ஒரு கை குடுத்தேன், பாப்பா ரெண்டு கை குடுத்தா, அப்புறம் நான் பாக்கல.' அந்தக் கடைசி வார்த்தையில் எல்லோரும் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. டாக்டர் பையை மூடினார்.

செவலை மறுநாள் மத்தியானம் செத்தது. எங்கள் வயலை ஒட்டிய திடலில் புதைத்தோம்.

அப்புறம் நான் தேடித் தேடிப் படித்தேன். ஓடுவதற்கு முன் தண்ணீர் குடித்ததால் குதிரை சாகாது என்றுதான் பல இடங்களில் இருந்தது. இரண்டு மூன்று கைப்பிடி சோறு பெரிதாக ஒன்றும் செய்யாது என்றும் இருந்தது. பழக்கமில்லாத சோற்றை வயிறு நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்றும் இருந்தது. ஆகவே எல்லாம் அந்த இலையில் வந்து நிற்கிறது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாதிரி வைத்தியம் செய்திருப்பாரா, அதே ஊசியைத்தான் போட்டிருப்பாரா என்பதும் தெரியாது. போய்க் கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு நாள் அவரிடம், "தண்ணியால இருக்காதுங்க. நான் படிச்சுப் பாத்தேன்" என்றேன்.

"நீ கணக்கு டீச்சர்தானே, மாட்டு டாக்டரா?" என்றார். கோபமாக இல்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டார். பந்தயப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார். முன்பெல்லாம் மற்றவர்கள் தங்கள் குதிரையைக் கொண்டுவந்து இவரிடம் காட்டி யோசனை கேட்பார்கள். இப்போது யாராவது கேட்டால், "என்கிட்ட கேக்காதீங்க, நானே ஒண்ணக் கொன்னவன்" என்று சிரித்தபடி சொல்கிறார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பசுவுக்குத் தண்ணீர் காட்டுவதைக்கூட என்னிடம் விட்டுவிட்டார். வாளியை நிரப்பி வைப்பார், தூக்கிக் கொண்டுபோய் வைக்க மாட்டார்.

போன மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். விடுமுறை நாளில் யார் உரம் வாங்க வருவார்கள்? நாங்கள் பசுவுக்கு இலை போட்டோம். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நம்ம செவலைக்கு நான் ஊட்டுனேன்ல?" என்றாள். கையிலிருந்த பொங்கலை அவள் வாயில் திணித்தேன். இருமிவிட்டாள். மாமியார், "என்னடி அவசரம்?" என்றார்கள்.

போன வாரம் வெள்ளைக் குதிரை அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவரிடம் இரண்டு வயதுக் குட்டி ஒன்று இருக்கிறதாம். பழக்கிக் கொடுக்க வேண்டும் என்றார்.

"தம்பி, என் கையில அது கெட்டுப்போயிரும். உங்ககிட்ட விட்டா ஓடும். நீங்களே வச்சு ஓட்டிக்கங்க."

"வேணாம்ணே. தண்ணி காட்டத் தெரியாதவன் கையில உசுரக் குடுக்காதீங்க."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்களாவது சொல்லுங்க. மார்கழி பொறக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அவர் போன பிறகும் வெகுநேரம் வாசலில் நின்றார். மூடி வைத்த வண்டியின் சக்கரத்தைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

சொன்னால் அவர் தோளிலிருந்து அந்த வாளி இறங்கிவிடும். அது எனக்குத் தெரியும். என்மேல் கோபப்படட்டும், அது நியாயம்தான். ஆனால் எப்படிச் சொன்னாலும் கதை, நான் உள்ளே போன அந்த ஐந்து நிமிஷத்துக்கு வந்து சேர்கிறது. அந்த ஐந்து நிமிஷத்தில் வாசலில் இருந்தவள் என் மகள் மட்டும்தான். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இருந்தாலும், என்றைக்காவது அவள் விவரம் தெரிந்த வயதில் தானாகவே கூட்டிப் பார்த்துக்கொள்வாளே, கணக்கு டீச்சர் மகள்தானே. முழு இலையையும் நானே கொடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அது பொய். ஏற்கெனவே சொன்ன பொய்களால்தான் இவ்வளவும் வந்தது.

இதைப் படிக்கிறவர்களில் அம்மாக்கள் இருப்பீர்கள். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுப் பிறகு சொன்னவர்கள் இருப்பீர்கள். குதிரை வளர்த்தவர்களும் இருக்கலாம். மார்கழிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அவரிடம் சொல்லவா? சொன்னால், என் மகளின் கை அதில் படாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.